மைனஸ் 196 டிகிரியோடு வேலை

தென்காசி வட்டாரத்தில் திரவ நைட்ரஜனைப் பார்க்கத் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கால்நடை மருந்தகம் போதும். கடையமோ கீழப்பாவூரோ வாசுதேவநல்லூரோ, மாட்டுக்குச் சினை ஊசி போடும் இடத்தில் கழுத்து குறுகி வயிறு பருத்த அலுமினியக் கேன் ஒன்று இருந்தாக வேண்டும். வீடு தேடி வந்து ஊசி போடுகிறவரின் இரு சக்கர வண்டியில் கட்டியிருப்பதும் அதே வகைக் கேன்தான், அளவில் சிறியது. மூடியைத் தூக்கினால் வெண்புகை விளிம்பில் வழிந்து தரையை நோக்கி இறங்கும். உள்ளே மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜன். அதில் மூழ்கியபடி உறைவிந்துக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் கால் மில்லி விந்து, அதற்குள் சுமார் 2 கோடி உயிரணுக்கள்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்த மாட்டினங்கள் ஏறத்தாழ 95 லட்சம். அவற்றில் கறவைக்கு நிற்கும் கலப்பினப் பசுக்களில் பெரும்பாலானவை இப்படி ஒரு கேனிலிருந்து எடுத்த குச்சியால் பிறந்தவை. ஆவின் சங்கத்துக்குக் காலையும் மாலையும் போகும் பாலின் பின்னால் இந்தக் குளிர் இருக்கிறது. ஆனால் அதைச் சுமக்கிறவர்களின் வேலையைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. பெரிய ஆலைகளில் வேலிக்குள் வைத்து, எச்சரிக்கைப் பலகை மாட்டிக் கையாளும் ஒரு பொருளை இவர்கள் கிராமத்துச் சாலைகளில் வெறும் பயிற்சியின் பலத்தில் கொண்டுபோகிறார்கள். அந்தப் பயிற்சியில் எது அழுத்தமாகச் சொல்லப்படுகிறது, எது விட்டுப்போகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

காற்றிலிருந்து கேனுக்கு

நைட்ரஜன் எங்கிருந்தும் தோண்டி எடுக்கப்படுவதில்லை. சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுவே. ஆக்சிஜன் 21 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, ஆர்கான் ஒரு சதவீதத்தை ஒட்டி. ஸ்காட்லாந்தின் டேனியல் ரூதர்ஃபோர்ட் 1772-இல் நைட்ரஜனைத் தனி வாயுவாக அடையாளம் கண்டார். 1883-இல் போலந்தின் கிராகோ நகரில் விரோப்லெவ்ஸ்கியும் ஓல்ஷெவ்ஸ்கியும் அதைத் திரவமாக்கினார்கள். 1895-இல் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே காற்றைத் தொழில் அளவில் திரவமாக்கும் வழியைக் கண்ட பிறகே அது விலைக்குக் கிடைக்கும் சரக்கானது.

வழிமுறையின் அடிப்படை இன்றும் அதுவே. காற்றை அழுத்தி, அதிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி, குளிர்வித்து, சட்டென விரியவிட்டால் மேலும் குளிர்ந்து திரவமாகும். அதை உயரமான கோபுரத்துக்குள் காய்ச்சி வடித்தால் ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் ஆர்கான் மைனஸ் 186-லும் நைட்ரஜன் மைனஸ் 196-லும் தனித்தனியே பிரியும். 2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆஸ்பத்திரிகள் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது, மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் திரவ ஆக்சிஜன் போனது. ராக்கெட்டுக்கும் நோயாளிக்கும் மாட்டுக்கும் வேண்டியது காற்றைப் பிரிக்கும் ஒரே கலையிலிருந்து வருகிறது.

வடித்த திரவம் வெற்றிடச் சுவர் கொண்ட டேங்கர்களில் சாலை வழியாகப் பயணிக்கிறது. திரவ நைட்ரஜனுக்கான பன்னாட்டு அடையாள எண் 1977. டேங்கரின் பின்பக்கப் பலகையில் இந்த எண் இருந்தால் அதிலுள்ளது தீப்பிடிக்காது, விஷமும் அல்ல. ஆனால் கொட்டினால் அருகில் போகக் கூடாது.

கேனின் அமைப்பு ஜேம்ஸ் டிவார் 1892-இல் செய்த வெற்றிடக் குடுவையின் வாரிசு. உள்ளே ஓர் அலுமினியப் பாத்திரம், வெளியே இன்னொன்று, நடுவில் காற்று உறிஞ்சிய வெற்றிடமும் பளபளக்கும் காப்பு உறைகளும். உள்பாத்திரம் கழுத்தில் மட்டும், கண்ணாடி இழைக் குழாய் ஒன்றில் தொங்குகிறது. அதனால்தான் கேனைப் படுக்கவைப்பதும் உருட்டுவதும் இழுப்பதும் கூடாது. ஒரே ஒரு பலமான இடி கழுத்தை விரிசலாக்கி வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். கெட்ட கேனை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். தோள்பகுதி வியர்க்கும், பனி பூக்கும். ஒரு வாரம் தாங்க வேண்டிய நைட்ரஜன் ஒரே இரவில் ஆவியாகிவிடும்; உள்ளே இருந்த குச்சிகள் அத்தனையும் வீண்.

இந்தக் கேனுக்கு மின்சாரம் தேவையில்லை என்பது பெரிய வசதி. மூன்று லிட்டர் கேன் சில வாரமும், பெரிய கேன் மாதக் கணக்கிலும் குளிரைக் காக்கும். புயலில் மூன்று நாள் கரண்ட் போனாலும் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்குத்தான் கவலை. விந்துக் கேனுக்கு ஒன்றும் ஆகாது.

நிரப்பும் வேலை

பெரிய கேனிலிருந்து சிறிய கேனுக்கு ஊற்றும்போதுதான் திரவ நைட்ரஜனின் குணம் முழுதாகத் தெரியும். வெதுவெதுப்பான கேனில் முதல் ஊற்று விழுந்ததும் திரவம் சீறிக் கொதித்து, கழுத்து வழியே பீறிட்டு மேலே வரும். அதன் கணக்கில் அறையின் சாதாரண வெப்பமே 220 டிகிரிக்கு மேல் சூடான உலை. அனுபவசாலிகள் முதலில் கொஞ்சம் ஊற்றி நிறுத்துவார்கள். கொதிப்பு அடங்கும்வரை முகத்தைக் கழுத்துக்கு நேரே கொண்டுபோக மாட்டார்கள். சுவர் குளிர்ந்து சத்தம் தணிந்த பிறகே அடுத்த ஊற்று.

உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்துத் தெரியாது, புகைதான் தெரியும். மெல்லிய மர அளவுகோலை அடிவரை இறக்கி, சில நொடி வைத்து, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டுவார்கள். திரவத்தில் நனைந்த உயரம்வரை கோலில் வெள்ளையாகப் பனி படியும். அதை எண்ணிப் பார்த்தால் அளவு. இங்கே தெரியாமல் நடக்கும் ஒரு தவறு, கைக்குக் கிடைத்த குழாயை அளவுகோலாக விடுவது. குழாயின் அடியில் புகுந்த திரவம் கொதித்து மேல்முனையிலிருந்து ஊற்றாகப் பீய்ச்சும், அதுவும் குனிந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக. கோல் திடமாக இருக்க வேண்டும், உள்ளே பொத்தல் கூடாது.

கழுத்துக்குக் கீழே

இந்தியாவில் முதல் செயற்கைமுறைக் கருவூட்டல் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் நடந்தது. அன்றைய விந்து உறையவைக்கப்பட்டதல்ல. பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் ஓரிரு நாள் தாங்கும். 1949-இல் இங்கிலாந்தின் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரின் கலந்தால் விந்தணு உறைந்தும் உயிரோடு மீளும் என்று காட்டினார்கள். அதன்பின் உறைபனிக் கரியமில வாயுவும், பிறகு திரவ நைட்ரஜனும் வந்தன. மைனஸ் 130 டிகிரிக்குக் கீழே உயிரணுவுக்குள் எந்த வேதிவினையும் நகராது. காளை இறந்து பல ஆண்டு கழித்தும் அதன் கன்று பிறப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் உதகை, ஓசூர், தஞ்சை மாவட்டம் ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் உள்ள அரசுப் பண்ணைகள் உறைவிந்து உற்பத்திக்குப் பெயர் பெற்றவை. அங்கிருந்து மாவட்டக் கிடங்கு, மருந்தகம், கிளை நிலையம், கடைசியில் தொழுவம் என்று சங்கிலி நீளுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் குச்சிகள் ஒரு கேனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவல் மூன்று நொடிக்குள் முடிந்தால் நல்லது.

தொழுவத்தில் நடப்பது இது. காலையில் பருவ அறிகுறி காட்டிய பசுவுக்கு மாலையிலும், மாலையில் காட்டியதற்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம். வந்தவர் முதலில் பிளாஸ்கில் 37 டிகிரி வெந்நீரைத் தயார் செய்கிறார். கேனைத் திறந்து, குச்சிகள் நிற்கும் குவளையைக் கம்பியைப் பிடித்து மேலே தூக்குகிறார், ஆனால் கழுத்தின் விளிம்புவரை அல்ல. கழுத்தின் மேற்பகுதி உள்ளே இருப்பதைவிட நூறு டிகிரிக்கு மேல் வெப்பமானது. குவளை அங்கே பத்து நொடி நின்றால் எடுக்காத குச்சிகளுக்கும் சேதம் தொடங்கும். இடுக்கியால் ஒரு குச்சியை மட்டும் எடுத்து, உதறி, வெந்நீரில் 30 நொடி. பிறகு துணியால் ஈரம் போகத் துடைத்து, ஊசிக் கருவியில் ஏற்றி, மூடிய முனையை வெட்டி, உறை போட்டு மாட்டிடம் போகிறார். குச்சியை எடுத்ததும் குவளை மறுபடி திரவத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

எந்தக் குச்சி என்று தேடுவதற்காகக் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே படிக்கிற பழக்கம் பல இடங்களில் உண்டு. இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை உருகத் தொடங்கிய அணுவுக்குள் பனித்துகள் பெரிதாகிக் கீறியது கீறியதுதான். மீண்டும் மைனஸ் 196-க்கு இறக்கினாலும் ஆறாது. பசு சினை பிடிக்கவில்லை என்று மாட்டையும் தீவனத்தையும் குறை சொல்வார்கள். காரணம் சில வாரம் முன்பு இன்னொரு தொழுவத்தில் பத்து நொடி தாமதித்த ஒரு கையாக இருக்கலாம். பெண் கன்றுக்கென்று பாலினம் பிரித்த விந்துக் குச்சியில் உயிரணுக்கள் மிகக் குறைவு, விலையும் அதிகம். அங்கே இந்தக் கவனக்குறைவு இன்னும் கூடுதலாகச் சுடும்.

சாரல் காலத்தில் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சிப் பக்கம் காற்றே நனைந்திருக்கும். கேனைத் திறக்கும்போது எழும் வெண்மை நைட்ரஜன் அல்ல, நைட்ரஜனுக்கு நிறமில்லை. காற்றின் ஈரம் குளிரில் உறைந்து காட்டும் மூடுபனி அது. அதே ஈரம் கழுத்தின் உட்சுவரிலும் மூடியிலும் பனிக்கட்டியாகப் படிந்து, நாளடைவில் மூடியை இறுக்கும், குவளைகளில் ஒட்டும். மூடியை வேலைக்கு மட்டும் திறப்பது, படிந்த பனியை அவ்வப்போது துடைப்பது, மழையில் கேனைத் திறக்காமல் கூரைக்குள் கொண்டுபோவது ஆகியவை மலையடிவாரத்தில் வேலை செய்கிறவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை.

குளிர் செய்யும் காயம்

திரவ நைட்ரஜன் என்றதும் எல்லாரும் பயப்படுவது குளிருக்கு. அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு துளி கையில் தெறித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உருண்டோடுவதைப் போல, துளிக்கும் தோலுக்கும் நடுவே உடனே உண்டாகும் ஆவிப்படலம் துளியைத் தூக்கி ஓடவைத்துவிடும். ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் எழுதிவைத்த விளைவு இது. கல்லூரி வகுப்புகளில் கையில் ஊற்றிக் காட்டும் வித்தையும் இதை நம்பித்தான். வித்தை பார்த்தவர்களுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது.

ஓட வழியில்லாத இடத்தில் அதே திரவம் கொடூரமானது. இறுக்கமான கையுறைக்குள், ஷூவுக்குள், மடித்த பேன்ட் விளிம்பில், நனைந்த துணியில் தேங்கினால் தோலும் அடியிலுள்ள சதையும் உறைந்துபோகும். ஆகவே கையுறை உதறினால் கழன்று விழும் அளவு தளர்வாக இருக்க வேண்டும். பேன்ட் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகக் கூடாது. செருப்புக் காலோடு நைட்ரஜன் ஊற்றுவது கூடவே கூடாது. குளிர்ந்த உலோகமோ திரவத்தைவிட மோசம். குவளைக் கம்பியை ஈரக் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். கண்ணுக்கு மூடிய கண்ணாடியும் முகக்கவசமும் வேண்டும். சரியாக அடைபடாத குச்சிக்குள் திரவம் புகுந்திருந்தால் வெந்நீரில் போட்டதும் அது வெடித்துத் தெறிக்கும்.

பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. எண்ணெய், பற்பசை, மஞ்சள் எதுவும் போடக் கூடாது. ஒட்டாத துணியைக் கழற்றிவிட்டு, 40 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் தளர்வாகச் சுத்தத் துணி சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலில் வலியே தெரியாமல் மரத்துப்போவதை வைத்து, காயம் லேசானது என்று முடிவு செய்வது தவறு.

மூச்சுக்கு வரும் ஆபத்து

குளிரால் வந்த காயம் ஆறும். திரவ நைட்ரஜன் ஆளைக் கொல்வது வேறு வழியில். ஒரு லிட்டர் திரவம் ஆவியாகி அறை வெப்பத்துக்கு வந்தால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, எரிச்சலில்லை. ஏற்கெனவே சுவாசிக்கிற காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுவே என்பதால் உடம்பு அதை அந்நியமாக நினைப்பதே இல்லை. அது செய்வதெல்லாம் ஆக்சிஜனை வெளியே தள்ளுவதுதான்.

கணக்குப் போட்டால் புரியும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறை சுமார் 28 கன மீட்டர். அங்கே மூன்று லிட்டர் கேன் கவிழ்ந்தால் இரண்டு கன மீட்டர் நைட்ரஜன் கலந்து, ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 19.4-க்கு இறங்கும். வேலை செய்யப் பாதுகாப்பான கீழ் எல்லை 19.5. அதே அறையில் 35 லிட்டர் கேன் முழுதாகக் கொட்டினால் 24 கன மீட்டர் வாயு. ஆக்சிஜன் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இனி கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட கார். அதன் உள்ளறை மூன்று கன மீட்டர் அளவுதான். சின்னஞ்சிறு மூன்று லிட்டர் கேன் பின்சீட்டில் கவிழ்ந்தாலே ஓட்டுகிறவர் சுவாசிக்கும் ஆக்சிஜன் பாதியாகிவிடும். இரு சக்கர வண்டியில் போகிறவருக்கு வெயிலும் மழையும் கஷ்டம் என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் திறந்த காற்று அவரைக் காக்கிறது. காரில் கொண்டுபோக நேர்ந்தால் கேன் நிமிர்ந்து நிற்கக் கட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். லிஃப்டில் கேனோடு ஆள் ஏறவே கூடாது.

ஆக்சிஜன் 15 சதவீதத்தை நெருங்கும்போதே கையும் காலும் சொன்னபடி கேளாது. 12-ஐ ஒட்டி மூச்சு வேகமாகும், அறிவு மங்கும்; தப்ப வேண்டும் என்ற எண்ணமே வராது. 10-க்குக் கீழே மயக்கம். 6-க்குக் கீழே ஓரிரு மூச்சில் சுருண்டு விழுவார்கள், சில நிமிடத்தில் உயிர் போகும். மூச்சுத் திணறல் ஏன் எச்சரிக்கவில்லை? நீருக்குள் மூழ்கும்போதும் மூக்கைப் பொத்தும்போதும் நெஞ்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல. உடம்பில் கரியமில வாயு சேர்வதால். நைட்ரஜன் நிறைந்த அறையில் மூச்சு வழக்கம்போல் போய்வருகிறது, கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதனால் நெஞ்சு முட்டாது, இருமல் வராது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒருவர் விழுகிறார்.

குளிர்ந்த நைட்ரஜன் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையில் தேங்கும். ஜன்னல் திறந்திருந்தாலும், அது மேலே இருந்து தரைமட்டத்தில் வழியில்லை என்றால் பயன் குறைவு. கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனிகிறவர், பள்ளத்தில் இறங்குகிறவர், தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் முதலில் சிக்குவார்கள்.

2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் கெய்ன்ஸ்வில் நகரில் கோழி இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் நடந்தது இந்தக் கொடுமையின் முழுக் கதை. திரவ நைட்ரஜனில் இறைச்சியை முக்கி உறையவைக்கும் இயந்திரம். அதில் திரவ மட்டத்தை அளக்கும் குழாய் வளைந்துபோயிருந்ததால் மட்டம் தவறாகத் தெரிந்து, நைட்ரஜன் நிரம்பி வழிந்தது. கோளாறு பார்க்கப் போன பராமரிப்புத் தொழிலாளிகள் விழுந்தார்கள். அவர்களைத் தேடிப் போனவர்கள் விழுந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்தால் அலறும் கருவி அந்த அறையில் இல்லை. மேலும் பத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றும் எண்ணத்தோடு அந்த வெண்மூட்டத்துக்குள் போய்வந்தார்கள் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

காப்பாற்றப் போனவரும் இறப்பது நைட்ரஜன் விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது. கூட வேலை பார்க்கிறவர் கண்முன்னே விழும்போது வெளியே நிற்பது மனுஷ இயல்பு இல்லை. அதனால்தான் இதை முன்கூட்டியே, பலமுறை, பழகிப் பார்த்து மனதில் ஏற்ற வேண்டும்: கதவையும் ஜன்னலையும் வெளியிலிருந்து திறக்க முடிந்தால் திற, கத்தி ஆள் கூப்பிடு, தனி மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே போகாதே. முகத்தில் கட்டும் துணியோ வடிகட்டி முகமூடியோ இங்கே எதற்கும் உதவாது; இல்லாத ஆக்சிஜனை அவை உண்டாக்கித் தராது.

மகேந்திரகிரி

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில், திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பக்கம் இருக்கிறது மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் கிரையோஜெனிக் என்ஜின்களைச் சோதிக்கிறது. 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-5 உள்நாட்டு கிரையோஜெனிக் என்ஜினோடு வென்றதற்கும், பின்னால் எல்.வி.எம்-3 ராக்கெட் சந்திரயானைச் சுமந்ததற்கும் இந்த மலையடிவாரச் சோதனை மேடைகளே அடித்தளம். இத்தகைய மேடைகளில் குழாய்களை முன்கூட்டியே குளிர்விக்கவும், எரிபொருள் வருமுன் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் விரட்டவும் நைட்ரஜன் வேண்டும். ஆனால் மைனஸ் 253 டிகிரித் திரவ ஹைட்ரஜன் ஓடப்போகும் குழாயில் நைட்ரஜன் மிஞ்சியிருக்கக் கூடாது. நைட்ரஜனே மைனஸ் 210-இல் கட்டியாகி அடைத்துவிடும். அந்த வேலைக்கு ஹீலியம்தான்.

விண்வெளித் துறையிலும் நைட்ரஜன் உயிர் பறித்திருக்கிறது. 1981 மார்ச் 19 அன்று, கொலம்பியா விண்ணோடத்தின் முதல் பயணத்துக்கு மூன்று வாரத்துக்கும் சற்று மேலான நாள்கள் இருந்தபோது, அதன் பின்பக்க அறைக்குள் தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள். தீ ஆபத்தைத் தவிர்க்க நிரப்பிய நைட்ரஜன் இன்னும் அங்கே இருந்தது. ஒருவர் அன்றே இறந்தார், இன்னொருவர் சில நாள் கழித்து. உலகத்தின் மிகக் கட்டுப்பாடான பணியிடங்களில் ஒன்றிலேயே இது நடந்தது என்றால், ஒரு கிளை நிலையத்தின் பூட்டிய கிடங்கறை பற்றி எவ்வளவு யோசிக்க வேண்டும்!

அடைத்தால் வெடிக்கும்

கேனின் மூடி தளர்வான தக்கைபோல் உட்கார்ந்திருப்பது தயாரிப்புக் குறை இல்லை. ஆவியாகும் வாயு சதா வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி ஆடும்போது சிந்துகிறதே என்று துணியைத் திணித்தோ டேப் ஒட்டியோ இறுக்கினால் கேன் குண்டாகிவிடும். பெரிய அழுத்தக் கலன்களுக்குப் பாதுகாப்பு வால்வும், அது தவறினால் கிழிந்து வழிவிடும் தகடும் உண்டு. 2006 ஜனவரியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு திரவ நைட்ரஜன் கலனின் இரண்டு பாதுகாப்பு வழிகளையும் யாரோ பித்தளை அடைப்பான் போட்டு மூடியிருந்தார்கள். நள்ளிரவு தாண்டி அது வெடித்துக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. ஆளில்லாத நேரம் என்பதால் உயிர்ச் சேதம் இல்லை.

சாதாரண இரும்பும் பிளாஸ்டிக்கும் இந்தக் குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும். துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம், செம்பு தாங்கும். பிளாஸ்டிக் வாளியில் நைட்ரஜன் ஊற்றி வைப்பது காலில் ஊற்றிக்கொள்வதற்குச் சமம். கோயம்புத்தூர் மாதிரிப் பட்டறை நகரங்களில் எஃகு அச்சை நைட்ரஜனில் முக்கிச் சுருக்கி, துளைக்குள் இறுகப் பொருத்தும் வேலை உண்டு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு சுமார் 0.2 மில்லிமீட்டர் சுருங்கும். உள்ளே போய் அறை வெப்பத்துக்கு வந்ததும் அசைக்க முடியாது. அந்தத் தொட்டி நாள் முழுக்கத் திறந்திருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் திரவமாகிச் சேரும், ஏனென்றால் ஆக்சிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். திரவத்தில் இளநீல நிறம் தெரிந்தால் அருகில் கிரீஸ், எண்ணெய், தீப்பொறி எதுவும் கூடாது.

தட்டில் புகை

திரவ நைட்ரஜனைத் தொழிலாக அல்லாமல் வேடிக்கையாகப் பலர் கண்டது அண்மைக் காலத்தில், புகை விடும் பிஸ்கட்டாக. 2024 ஏப்ரலில் கர்நாடகத்தின் தாவணகெரேயில் அதைத் தின்ற சிறுவன் வலியால் துடிக்கும் காணொளி பரவியது. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை உடனே எச்சரிக்கை வெளியிட்டது. உணவை உறையவைக்கவும் குளிர்விக்கவும் திரவ நைட்ரஜனுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது முற்றிலும் ஆவியாகாமல் வாடிக்கையாளர் கைக்கு உணவு போகக் கூடாது. மீறினால் 10 ஆண்டு சிறையும் 10 லட்சம் ரூபாய் அபராதமும் வரை போகலாம். 2012-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் நைட்ரஜன் கலந்த மதுவைக் குடித்த 18 வயதுப் பெண்ணுக்கு இரைப்பையையே அகற்ற வேண்டியிருந்தது. வயிற்றுக்குள் போன ஒரு மடக்கு திரவம் குளிராலும், பல நூறு மடங்கு விரிவதாலும் இரட்டைச் சேதம் செய்கிறது. சீசனில் கூட்டம் அலைமோதும் குற்றாலத்தில் இந்த விதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அமல்படுத்த வேண்டும். பிள்ளைகள் புகையைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார்கள்.

வேலை கொடுப்பவர் தர வேண்டியவை

சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஆக்சிஜன் அளவி, 19.5 சதவீதத்துக்குக் கீழே போனதும் கத்தும். கைக்கு அடக்கமான கருவிதான். அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு. மாற்றாவிட்டால் வெறும் அலங்காரம். நைட்ரஜன் கலன்கள் நிற்கும் கிடங்கு ஒவ்வொன்றிலும் சுவரில் ஒரு அளவி, உள்ளே போகுமுன் வெளியிலிருந்தே படிக்கும்படி இருக்க வேண்டும். தரைமட்டத்தில் காற்றுப் போக வழி, தளர்ந்த குளிர்க் கையுறை, முகக்கவசம், தனியாளாக நிரப்பக் கூடாது என்ற விதி ஆகியவையும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆளை நைட்ரஜனோடு விடுவது அநியாயம்.

கிராமங்களில் சினை ஊசி போடுகிறவர்கள் எல்லாரும் அரசு ஊழியர்கள் இல்லை. ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தின்கீழ் பயிற்சி பெற்ற 'மைத்ரி' பணியாளர்கள் போடும் ஊசிக்கு ஏற்பச் சம்பாதிக்கிறவர்கள். அவர்களுக்குக் கேன் கொடுக்கப்படுகிறது, கருவூட்டும் கருவி கொடுக்கப்படுகிறது. வீட்டில் அந்தக் கேன் எங்கே இருக்கும்? பெரும்பாலும் மாட்டுக்கும் மழைக்கும் எட்டாத ஒரு உள்ளறையில், பிள்ளைகள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில். மூன்று லிட்டர் கேன் சாதாரணமாக விடும் ஆவி ஒரு திறந்த வீட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் பூட்டிய சிறிய அறையில் அது கவிழ்ந்தால் நிலைமை வேறு. திண்ணையோ, கம்பி அடித்த தாழ்வாரமோ, பூனையும் பிள்ளையும் தள்ளிவிட முடியாத மரச்சட்டமோ அதற்குச் சரியான இடம். பயிற்சியின்போது மாட்டின் உடற்கூறு கற்றுத்தரும் அதே அக்கறையோடு இதையும் சொல்லித்தர வேண்டும்.

பழைய கேனைக் கழிக்கும் முறையும் வேலையின் ஒரு பகுதி. மிச்சத் திரவத்தைக் கழிவுநீர்த் தொட்டியிலோ சிமென்ட் தரையிலோ கொட்டக் கூடாது; குழாய் வெடிக்கும், தரை பிளக்கும். ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளியில், மூடியை எடுத்துவிட்டு, தானே ஆவியாக விட வேண்டும். கேன் முழுதாக அறை வெப்பத்துக்கு வர இரண்டு நாளாவது ஆகும். அதன்பின் உள்ளே தங்கிய தண்ணீரைக் கவிழ்த்து வடித்து, உடைந்த குச்சித் துண்டுகளை எடுத்து, மிதமான சோப்பு நீரில் அலசி, தலைகீழாகக் காயவைக்க வேண்டும். வெற்றிடம் கெட்ட கேனை மறுபடி நிரப்பாமல், வெற்றிட அடைப்பானைத் தட்டிப் பார்க்காமல், கழுத்தில் பெரிதாக 'பழுது' என்று எழுதித் தனியே வைத்துவிட வேண்டும்.